ஆங்கிலக் கட்டமா, தமிழ்க் குறிப்பா: தர்மபுரிப் புதிர் வட்டத்தின் மூன்றாண்டு அனுபவம்

பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் குறுக்கெழுத்து வட்டம் தொடங்க விரும்பும் நண்பர்கள் சிலர், எந்த வகைப் புதிரை எடுத்துக்கொண்டால் வந்தவர்கள் நிலைத்திருப்பார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தர்மபுரியில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் கூடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு ஆங்கில நாளிதழின் கிரிப்டிக் குறுக்கெழுத்தை எடுத்துக்கொண்டோம். இரண்டாம் ஆண்டு தமிழ் வார இதழ்களில் வரும் நேரான குறுக்கெழுத்துக்கு மாறினோம். மூன்றாம் ஆண்டிலிருந்து நாங்களே தமிழில் கிரிப்டிக் குறிப்புகள் எழுதி, நாங்களே அவிழ்த்து, நாங்களே விளக்கி வருகிறோம். மூன்றிலும் நல்லது உண்டு, மூன்றிலும் குறை உண்டு. ஆனாலும் மூன்றையும் சமமாக நிறுத்திவிட்டு "அவரவர் விருப்பம்" என்று ஒதுங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

கிரிப்டிக் என்றால் என்ன என்று அறியாதவர்களுக்காக, எங்கள் வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் காட்டும் குறிப்பையே இங்கும் தருகிறேன்.

முடிவில்லா அறம் செய், நம் ஊரே! (5)

மேலோட்டமாகப் படித்தால் இது யாரோ ஊர்மக்களுக்குச் சொல்லும் அறிவுரை. குறிப்பு எழுதியவர் சொல்வது வேறு. அறம் என்பதற்குத் தர்மம். அது "முடிவில்லாமல்" நிற்க வேண்டுமென்றால் கடைசி எழுத்தாகிய ம் போக வேண்டும். செய் என்பதற்குப் புரி. தர்ம(ம்) + புரி சேர்ந்தால் நம் ஊர். குறிப்பின் ஒரு முனையில் விடைக்கான நேர்ப்பொருள் இருக்கும், மறுமுனையில் அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டித் தரும் சொல்விளையாட்டு இருக்கும், இரண்டையும் ஒட்டி மறைக்கும்படி மேலே ஒரு வாக்கியப் பூச்சு இருக்கும். அவ்வளவுதான் இதன் அமைப்பு. அடைப்புக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெண்ணிப் பழகிய கை என்பதால் முதல் நாள் ஒற்றெழுத்தைக் கழித்துவிட்டு, "தர்மபுரிக்கு நான்கெழுத்துத்தானே, ஐந்து என்று எப்படிப் போட்டீர்கள்?" என்று எழுந்து நின்றுவிட்டார். யாப்பில் அவர் கணக்கு சரி. கட்டத்தில் புள்ளி எழுத்துக்கும் ஒரு வீடு வேண்டும்.

ஒப்பிடுவதற்கு முன் எதை அளவுகோலாகக் கொள்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். விடை கிடைப்பது இந்த விளையாட்டில் பாதிதான். கிடைத்த விடை ஏன் சரி என்று எழுந்து நின்று சொல்லவும், கேட்பவர் ஒவ்வொரு படியையும் தாமே சரிபார்த்துத் தலையாட்டவும் முடிய வேண்டும். ஆஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் எழுதிய ஆங்கிலேயர் ஒருவர் 1949இல் இதற்கு ஒரு நெறி சொன்னார்: குறிப்பு எழுதுபவர் தாம் சொல்வதையே கருத வேண்டும் என்பதில்லை, ஆனால் கருதியதைச் சொல்லியே ஆக வேண்டும். பூச்சு எவ்வளவு ஏமாற்றினாலும் எழுத்துகள் பொய் சொல்லக் கூடாது என்பதே இதன் சாரம். விளக்கத்தைக் கேட்டு முடித்ததும் "அடடா, கண்முன்னே இருந்ததே!" என்று தோன்றினால் குறிப்பு நியாயமானது. "அப்படியா, சரி, நீங்கள் சொன்னால் இருக்கும்" என்று தோன்றினால் குறிப்பிலோ, கேட்பவருக்கும் குறிப்புக்கும் இடையிலான தூரத்திலோ குறை இருக்கிறது.

இந்த அளவுகோலின்படி ஆங்கிலப் புதிரைப் பார்ப்போம். அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் வைர வடிவக் கட்டத்தில் வெளியிட்டவை நேரான குறிப்புகள்தாம். அது இங்கிலாந்துக்குப் போன பிறகே மறைபொருள் ஏறியது. டார்க்குமாடா என்ற பெயரில் எட்வர்ட் பாவிஸ் மேதர்ஸ் 1926 முதல் அப்சர்வர் இதழில் எழுதியவை முழுக்க மறைகுறிப்புகளாகவே அமைந்தன. லண்டன் டைம்ஸ் நாளிதழின் குறுக்கெழுத்து 1930 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகப் பல கைகள் பட்டுத் தேய்ந்து மெருகேறிய விதிகள் அதற்கு இருக்கின்றன. நம் ஊரிலும் இந்து ஆங்கில நாளிதழை வாங்கினால் நாள்தோறும் ஒரு புதிர் கையில் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. பதினைந்துக்குப் பதினைந்து கட்டத்தில் ஒவ்வொரு சொல்லிலும் ஏறத்தாழப் பாதி எழுத்துகள் வேறு சொற்களால் வெட்டப்படுவதால், ஒன்று தெரியாவிட்டாலும் பக்கத்துச் சொல் கைகொடுக்கும். தனியாக உட்கார்ந்து அவிழ்க்கிறவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிக்கல் விளக்குவதில் வந்தது. பூ என்று பொருள்படும் ஃபிளவர் என்ற சொல்லை அங்கே ஃப்ளோ-அர், அதாவது "ஓடுவது" என்று பிரித்து ஆறு என்று கொள்வார்கள். கேட்டவுடன் கைதட்டத் தோன்றும் தந்திரம். ஆனால் ஆறு என்று தெரிந்த பிறகு, அது காவிரியும் இல்லை, தென்பெண்ணையும் இல்லை. எக்ஸ் என்றும் டீ என்றும் இங்கிலாந்தில் ஓடும் ஆறுகள். மாலுமி என்றால் ஏ, பி என்ற இரண்டு எழுத்து; உழைப்பாளி என்றால் எறும்பு; புரட்சியாளர் என்றால் சே. கிரிக்கெட்டிலிருந்து வருபவை மட்டும் மாணவர்களுக்கு உடனே பிடிபட்டன. டக் என்றால் பூஜ்யம், பூஜ்யம் என்றால் ஓ என்ற எழுத்து என்பதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மற்றவற்றை ஒரு பட்டியலாக எழுதி ஒளிநகல் எடுத்துக் கொடுத்தோம். பட்டியல் வளர்ந்துகொண்டே போனது.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன். ஆங்கிலப் படிவங்களோடு முப்பது ஆண்டுகள் காலம் தள்ளியவன். எனக்கே ஒரு குறிப்பைத் தமிழில் விளக்கி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. முதலில் ஆங்கில வாக்கியத்தின் பொருள், பிறகு அதில் எந்தச் சொல்லுக்கு எந்த மறைபொருள், பிறகு அந்த மறைபொருள் ஏன் செல்லும் என்பதற்கு இங்கிலாந்து வாழ்க்கையிலிருந்து ஒரு கதை. கேட்பவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். சரிபார்க்கத்தான் அவர்களிடம் வழியில்லை, நம்பிக்கொண்டார்கள். ஆண்டு முடிவதற்குள் பாதிப்பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். விளக்குகிறவர் ஒருவராகவும் கேட்கிறவர்கள் மற்ற எல்லோருமாகவும் ஆகிவிட்டால் அது வட்டமில்லை, வகுப்பு. அதில் பிழை புதிரின் மேல் இல்லை, புதிரை இங்கே கொண்டுவந்து இப்படி நடத்திய என் மேல்தான்.

இரண்டாம் ஆண்டின் நேரான தமிழ்க் குறுக்கெழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. "மன்னன்" என்று கொடுத்து மூன்றெழுத்து என்றால் அரசன் என்று எழுத முடியாது, ஏனெனில் அதற்கு நான்கெழுத்து. வேந்து, அரசு என்று தேடலாம். கோமான் என்றும் எழுதலாம். வெட்டும் எழுத்து வந்து தீர்ப்புச் சொல்லும்வரை எல்லாமே சரிதான். வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் எழுதும்படி சில இதழ்கள் கேட்பது கைக்குக் கொஞ்சம் வேலை தரும், மூளைக்கு இல்லை. எல்லோரும் பங்கெடுத்தார்கள், யாரும் நின்றுவிடவில்லை, அரை மணியில் முடிந்துவிடும், பிறகு தேநீர். விளக்குவதற்கு அதில் எதுவும் இல்லாததால் பேச்சு மாங்காய் விலைக்கும் தொப்பூர்க் கணவாய் விபத்துக்கும் போய்விடும். பொழுது போக வேண்டும், சொல்வளம் பெருக வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் இதையே எடுத்துக்கொள்ளலாம். செலவும் இல்லை, சண்டையும் இல்லை.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். தமிழில் கிரிப்டிக் என்றதும் ஏதோ இறக்குமதிச் சரக்கை உள்ளூர்ப் பையில் போடுவதுபோலச் சிலர் நினைத்தார்கள். தமிழாசிரியர்தான் அதை மாற்றினார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தண்டியலங்காரத்தில் சொல்லணிப் பகுதியை எடுத்து வந்து காட்டினார். பல கேள்விகளின் விடைகளைச் சேர்த்தால் ஒரு பெயர் வருவது வினாவுத்தரம். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருப்பது கரந்துறைச் செய்யுள். சொல்லில் ஓரோர் எழுத்தாக நீக்க வேறுவேறு பொருள் வருவது அக்கரச்சுதகம். முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும் மாலைமாற்றை ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பதிகமாகப் பாடியிருக்கிறார். காளமேகத்தின் சிலேடையை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலப் புதிரின் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இங்கே பழைய பெயர் இருக்கிறது. மேலே ஒன்று சொல்லி அடியில் ஒன்று வைக்கும் கலைக்கோ எங்கள் ஊரின் பழைய பெயரான தகடூரே சாட்சி: அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, உங்கள் ஆயுதங்கள் பீலி அணிந்து நெய் பூசிப் பளபளப்பாக இருக்கின்றன, எங்களுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று "புகழ்ந்தது" புறநானூற்றில் 95ஆம் பாட்டு. தொண்டைமான் அதை அவிழ்த்தானா என்பதைப் பாட்டு சொல்லவில்லை.

பழம்பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையில் தமிழ் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் தேர்வுக்கு வேண்டியது. எங்களுக்கு நம்பிக்கை தந்த முதல் குறிப்பு இது.

கேழ்வரகில் பாதிக்கு மேல் வேறு தானியம்! (3)

படித்தவுடன் கலப்படம் பற்றிய புகார்போல இருக்கிறதல்லவா? களி கிண்டும் வீடுகள் நிறைந்த ஊரில் அப்படித்தான் எல்லோரும் கொதித்தார்கள். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்று நம்மவர்கள் சொல்வார்கள். கிரிப்டிக் குறிப்பைப் படிக்கும்போது அந்தப் புத்தி விழித்திருக்க வேண்டும். கேழ்வரகு என்பது கே-ழ்-வ-ர-கு, ஐந்தெழுத்து. அதில் பாதிக்கு மேல் என்றால் மூன்று. கடைசி மூன்றையும் படியுங்கள்: வரகு. வங்கிக் காசாளரான பெண்மணி இதை அவிழ்த்துவிட்டு, "நாற்பது வருஷமா கேழ்வரகுன்னு எழுதறேன், உள்ள வரகு இருக்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். அன்று விளக்கம் அரை நிமிடத்தில் முடிந்தது; ஒருவரும் யாரையும் நம்ப வேண்டியிருக்கவில்லை.

விளக்கம் எளிதாக இருந்தால் குறிப்பும் எளிதாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கீழே உள்ளது எங்களை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்தது.

மலை திரும்பி வந்தால் சிறையில் இருப்பவன் (2)

எல்லோரும் மலைகளைத் தேடினார்கள். தீர்த்தமலை, வத்தல்மலை, கிருஷ்ணகிரிக் கோட்டை மலை என்று நீண்டது பட்டியல். இரண்டெழுத்தில் மலைக்கு வரை, கிரி, குன்று (இது மூன்று) என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள். ரைவ, ரிகி. ஒன்றும் ஒட்டவில்லை. ஏழு மணி ஆகிவிட்டது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதும் நண்பர், கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலையோடு பையை எடுத்துக்கொண்டு, "போதுங்க சார், மலைச்சுப் போய் உக்காந்துட்டேன்" என்றார். சொன்ன வாயை அவரே மூடவில்லை. பக்கத்திலிருந்த மாணவி, "ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்க!" என்றாள். மலைத்தல் என்றால் திகைத்தல். மலை என்றால் திகை. திகை திரும்பினால் கைதி. நண்பர் அன்று பேருந்தைத் தவறவிட்டார் என்பதையும், அதற்காக அவர் வருந்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மலை என்ற பெயர்ச்சொல்லுக்குள் ஒரு வினைச்சொல் படுத்திருப்பதை அகராதி பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட, அலுத்துப்போய் நாம் பேசும் பேச்சிலிருந்தே பிடித்தெடுக்க முடிவது தாய்மொழியில் அவிழ்ப்பவருக்கு மட்டுமே கிடைக்கிற வசதி. ஆங்கிலப் புதிரில் ஓராண்டு முழுக்க இப்படி ஒரு கணம் எங்களுக்கு வாய்க்கவில்லை.

தமிழ்க் குறிப்பின் தொல்லைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவை ஆங்கிலத்தில் இல்லாத தொல்லைகள்.

முதலாவது, எழுத்து என்பது எது என்ற கேள்வி. கவலை என்ற சொல்லைக் கலைத்தால் கலவை வரும் என்று புதியவர்கள் எழுதிக்கொண்டு வருவார்கள். காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. கவலையில் இருப்பவை க, வ, லை; கலவையில் இருப்பவை க, ல, வை. லை வேறு, ல வேறு. ஐகாரம் ஓரெழுத்தை விட்டு இன்னோரெழுத்துக்குத் தாவ முடியாது. நகரத்தைக் கலைத்தால் நரகம் வரும், அது செல்லும். இதை ஒருமுறை சொன்னால் புரிந்துவிடும்.

இரண்டாவது புணர்ச்சி. துருவித் திருப்பினால் அரசு தரும் கௌரவம் (3) என்று நான் ஒரு குறிப்பு எழுதினேன். துருவி திரும்பினால் விருது. ஆனால் துருவிக்குப் பின் வரும் த் என்ன ஆயிற்று? அதை எழுதாமல் விட்டால் இலக்கணப் பிழை. எழுதினால் அது திருப்ப வேண்டிய எழுத்துகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒற்று மிகுவது இரண்டு சொல் சேர்வதால் வந்தது, அது துருவியின் உடைமை அன்று என்று தமிழாசிரியர் வாதாடினார். அப்படியென்றால் கட்டத்தில் ஒற்றுக்கு ஒரு வீடு எதற்குக் கொடுத்தீர்கள் என்று மாணவர் மடக்கினார். இரண்டு வாரம் விவாதித்து, சந்தியால் வந்த ஒற்றைக் கணக்கில் கொள்வதில்லை என்று முடிவு செய்தோம். நீங்கள் தொடங்கும் வட்டம் வேறு முடிவு எடுக்கலாம், ஆனால் முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது வேற்றுமை உருபு. பெண் யானையை விட்டுவிடாதே (2) என்று ஒருவர் எழுதினார். பெண் யானை பிடி. விட்டுவிடாதே என்றாலும் பிடி. அருமையான இரட்டைப் பொருள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை இறங்கும் காலத்தில் எழுதியதால் பூச்சும் பொருத்தம். ஆனால் அந்த ஐ உருபு இரண்டு பொருளுக்கும் சொந்தமில்லாமல் நடுவில் தொங்குகிறது. "பெண் யானை, விட்டுவிடாதே!" என்று மாற்றியதும் நியாயமாகிவிட்டது, வாக்கியத்தின் வழுவழுப்பு கொஞ்சம் போயிற்று. ஆங்கிலச் சொற்கள் உருபு ஏறாமல் தனித்தனியாக நிற்பதால் அங்கே இந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதுபவர் அழகுக்கும் நியாயத்துக்கும் இடையில் அடிக்கடி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நான் நியாயத்தின் பக்கம்.

ஆங்கிலப் புதிர் இங்கிலாந்து ஆறுகளைக் கேட்கிறது என்று குறை சொன்ன நான், எங்கள் குறிப்புகளும் உள்ளூர் அறிவைக் கேட்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது. நெல்லும் வேலியின் கோடியும் சேர்ந்து ஔவை பெற்றது (3) என்றால் நெல் + லி, நெல்லி. அதியமான் கொடுத்த கனியைத் தமிழ் படித்த எவரும் அறிவார். ஆனால், நுனி கிள்ளிய துவரை மலையாக வளரும் (2) என்று ஊத்தங்கரைப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுதியனுப்பினார். துவரையின் முதலெழுத்தைக் கிள்ளினால் வரை, அதாவது மலை. துவரைச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டு நன்றாகக் காய்க்கும் என்பது நிலத்தில் இறங்கியவருக்கு அன்றாடம் தெரிந்த செய்தி, ஆகவே அவருக்கு நுனி என்பது உச்சி. எங்களில் சிலருக்கோ சொல்லின் நுனி என்பது கடைசி எழுத்து. இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. "தலை கிள்ளிய" என்றிருந்தால் வாதமே இல்லை என்றேன்; "துவரைக்குத் தலை கிள்ளறதுன்னு எங்க ஊர்ல யாரும் சொல்றதில்லீங்க" என்று அவரிடமிருந்து பதில் வந்தது. அதற்கு மேல் பேச எனக்கு வாயில்லை.

தமிழ்க் குறிப்பு என்று முடிவு செய்தபின் இன்னொரு தேர்வு மிச்சமிருக்கிறது: முழுக் கட்டம் கட்டுவதா, வாரம் ஒன்றிரண்டு தனிக் குறிப்புகளோடு நிறுத்திக்கொள்வதா? கட்டம் இல்லாத குறுக்கெழுத்து உப்பில்லாத கூழ் என்று மாணவர்கள் சொன்னதால் ஒரு கட்டம் கட்டிப் பார்த்தேன். ஒன்பதுக்கு ஒன்பது, அதற்கே இரண்டு வாரம் பிடித்தது. ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்து, நமக்கு 247. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் சந்திப்பது அரிது. அதைவிடப் பெரிய தடை, மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது. மேலிருந்து கீழாக ஒரு சொல் தொடங்கும் வீட்டில், இடமிருந்து வலமாக வரும் சொல்லின் புள்ளி எழுத்து விழவே கூடாது. ற, ன, ழ, ள, ண போன்றவையும் சொல் தொடங்க உதவா. கட்டம் கட்டுபவர் ஒவ்வொரு முனையிலும் இதைப் பார்த்துப் பார்த்து நகர வேண்டும்.

அவிழ்க்கிறவருக்கு இதிலே ஒரு சலுகையும் இருக்கிறது. வெட்டும் எழுத்து ங் என்று தெரிந்துவிட்டால் அடுத்த எழுத்து ஏறத்தாழ எப்போதும் க வரிசைதான்; ஞ் என்றால் பெரும்பாலும் ச வரிசை. ஓரெழுத்து கிடைத்தால் இரண்டெழுத்து கிடைத்த மாதிரி. ஆனால் அப்படிக் கிடைக்கும் விடை எழுத்துப் பொருத்தத்தால் வந்த விடை, சொல்விளையாட்டை அவிழ்க்காமலே நிரப்பிவிட்டு, பிறகு "ஏன்?" என்று கேட்டால் கை விரிப்பார்கள். தனிக் குறிப்பில் அந்தத் தப்பும் வழி கிடையாது. கட்டம் கட்டும் உழைப்பையும் கருதி, எங்கள் வட்டம் தனிக் குறிப்புக்கே வந்து சேர்ந்தது. பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஒவ்வொரு கட்டம், அதுவும் சிறியது.

விளக்கம் சொல்லும் முறையிலும் மூன்றைச் சோதித்தோம். அடுத்த வாரம் விடையை மட்டும் பலகையில் எழுதுவது ஒன்று. அதனால் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. குறிப்பு எழுதியவரே முழு விளக்கத்தையும் எழுதிக் கொடுப்பது இன்னொன்று. தெளிவாக இருக்கும், பதிவுக்கு நல்லது, ஆனால் அவர் தம் குறிப்பின் ஓட்டைகளைத் தாமே அடைத்துக்கொண்டு போய்விடுவார். இப்போது நடப்பது மூன்றாவது. அவிழ்த்தவர் எழுந்து நின்று, நேர்ப்பொருள் எது என்று அடிக்கோடிட்டுக் காட்டி, மற்றப் பகுதியைத் தர்ம(ம்) + புரி என்பதுபோலத் துண்டு துண்டாகப் பலகையில் எழுத வேண்டும். குறிப்பிலுள்ள எந்தச் சொல்லும் வேலையில்லாமல் மீந்திருக்கக் கூடாது. எழுதியவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. முட்டி நிற்பவர்களுக்கு மூன்று படிகளில் உதவி உண்டு: முதலில் நேர்ப்பொருள் எந்த முனையில் என்று மட்டும், பிறகு எந்த வகைத் தந்திரம் என்று, கடைசியாக ஓரெழுத்து. மலைக் குறிப்பில் முதல் இரண்டு படியும் கொடுத்தும் பயனில்லை என்பது வேறு கதை.

நேரம் வைத்து அவிழ்க்கலாமே என்று மாணவர் ஒருவர் யோசனை சொன்னார். 1942இல் டெலிகிராஃப் நாளிதழ் நடத்திய 12 நிமிடப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் சிலரைப் பிளெட்ச்லி பார்க்கில் சங்கேதம் உடைக்கும் வேலைக்கு எடுத்தார்கள் என்பதை எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். போர்க்காலத்துக்கு அது சரி. எங்களுக்கு யாரும் சங்கேதம் அனுப்பவில்லை, கடிகாரம் வேண்டாம் என்று தமிழாசிரியர் சொல்லிவிட்டார்.

ஆகவே பாலக்கோட்டு நண்பர்களுக்கு என் பரிந்துரை, தமிழில் தனிக் குறிப்பு, வாரத்துக்கு இரண்டு, விளக்கம் அவிழ்த்தவர் வாயால். வருகிறவர்கள் எல்லோரும் ஆங்கில வழியில் படித்த இளைஞர்களாக இருந்து, இங்கிலாந்துக் கதைகளில் ஆர்வமும் இருந்தால் ஆங்கில நாளிதழையே எடுத்துக்கொள்வதில் தவறில்லை. நாங்களும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதற்கு ஒதுக்குகிறோம், தமிழில் தந்திரங்கள் பழகிய பிறகு அங்கே அவை முன்னைவிட எளிதாகக் கண்ணில் படுகின்றன. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் இருந்தால், முதல் சில மாதம் கேழ்வரகு போல வீட்டுப் பொருள்களை வைத்துக் குறிப்பு எழுதுங்கள். மலைத்தலும் திகைத்தலும் பிறகு வரட்டும். தமிழ் வழியின் மிகப் பெரிய குறை, எழுத ஆள் வேண்டும் என்பதே. நாளிதழ் நாள்தோறும் வரும், நான் நாள்தோறும் எழுத முடியாது. முறை வைத்து எல்லோரும் எழுத வேண்டும் என்று விதி போட்ட பிறகுதான் இந்த ஆண்டு ஓடுகிறது. முதல் முறை எழுதுகிறவர் குறிப்பில் ஓட்டை இருக்கும், அதைப் பலகையில் வைத்துத் தைப்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

இந்த வாரம் காசாளர் அம்மாவின் முறை. நேரான குறுக்கெழுத்தைத் தவிர வேறெதுவும் தமக்கு வராது என்று ஓராண்டுக்கு முன்பு சொன்னவர் எழுதிவிட்டுப் போயிருப்பது: தகவு தடுமாறி வாசலில் நிற்பது (3). முதலில் அவர் "நிற்கும்" என்று எழுதியிருந்தார். நேர்ப்பொருள் பெயராக நிற்க வேண்டும் என்று மாணவி சொல்ல, அழித்து "நிற்பது" என்று மாற்றினார். "நிற்கும்" என்பதே அழகு, வினைமுற்றாக இருந்தாலும் விடைக்குப் பொருந்தும் என்று தமிழாசிரியர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பலகையில் இரண்டும் இருக்கின்றன, ஒன்று பாதி அழிந்த நிலையில்.